பொறுப்பு மருந்தாளுநருக்கு, முடிவு வேறொருவருக்கு: காவிரி டெல்டா மருத்துவமனைகளில் வேலையில் மனநிறைவு ஏன் எட்டாமல் இருக்கிறது?

மருத்துவமனைக்கு வரும் நோயாளி கடைசியாக நிற்பது மருந்து வாங்கும் வரிசையில்தான். ஓ.பி. சீட்டுப் பதிந்து, மருத்துவரைப் பார்த்து, இரத்தம் கொடுத்து, அதன் முடிவை வாங்கி மீண்டும் மருத்துவரிடம் காட்டிவிட்டு அந்தச் சன்னலுக்கு அவர் வந்து சேரும்போது பொறுமை ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். ஊருக்குப் போகும் பேருந்துக்கும் நேரம் நெருங்கியிருக்கும். சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் தம் வேலையில் மனநிறைவோடு இருக்கிறாரா என்பது அப்போது யாருக்கும் தோன்றுகிற கேள்வி அல்ல. ஆனால் மருத்துவர் எழுதியதற்கும் நோயாளி விழுங்குவதற்கும் இடையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் தடுக்கக்கூடிய கடைசி ஆள் அவர்தான். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் நோய்த்தொற்றுக்கான மெட்ரோனிடசோலும் பெயரால் குழம்பக்கூடியவை என்று மருந்தியல் பாடமே எச்சரிக்கிறது. அலுத்துப்போன மனத்தோடும் களைத்த கண்ணோடும் இருப்பவரிடம் அந்த எச்சரிக்கை எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பது நம் எல்லோருடைய உடல்நலத்தையும் தொடுகிற விஷயம்.

மருத்துவமனை மருந்தாளுநர்களின் பணிநிறைவைப் பற்றி, அதாவது வேலையில் கிடைக்கும் மனநிறைவைப் பற்றி, பேச்சு எழும்போதெல்லாம் அது சம்பளம், பதவி உயர்வு, காலியிடம் என்ற மூன்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அவை மூன்றும் உண்மையான குறைகளே. எனினும் டெல்டா மாவட்டங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பணி நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால், அவற்றுக்கு அடியில் வேறொரு குறை இருப்பது தெரிகிறது. கையிருப்பில் ஒரு மாத்திரை குறைந்தாலும், ஒரு குப்பி காலாவதியானாலும், தவறான மருந்து ஒருவர் கைக்குப் போய்விட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர். ஆனால் எத்தனை பேருக்கு எவ்வளவு நேரத்தில் மருந்து கொடுப்பது, எழுதப்பட்ட மருந்தில் ஐயம் இருந்தால் என்ன செய்வது, எந்த மருந்தை எவ்வளவு வாங்குவது என்பவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில் பெரும்பாலும் அவர் இல்லை. பொறுப்பையும் அதிகாரத்தையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்த எந்த வேலையும் மனிதரை நிறைவோடு வைத்திருப்பதில்லை.

டெல்டா என்று நாம் சொல்லும்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய திருச்சி, கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பாசனப் பகுதிகளையும் சேர்த்தே சொல்கிறோம். இந்த வட்டாரத்தில் பெரிய மருத்துவமனை என்றால் நெடுங்காலமாகத் தஞ்சாவூர்தான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பிள்ளைப்பேற்றுக்கென்றே மக்கள் தேடிவரும் ராசா மிராசுதார் மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. 2010ஆம் ஆண்டு திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022இல் நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூரில் ஒன்று வந்தது. 2020 டிசம்பரில் தனி மாவட்டமான மயிலாடுதுறையில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாததால், அங்கிருந்து திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் சிதம்பரத்துக்கும் நோயாளிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். இவற்றுக்குக் கீழே வட்டத் தலைநகர் மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள்; இவற்றுக்குப் பக்கத்திலேயே கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை வீதிகளில் பத்துப் படுக்கையிலிருந்து நூறு படுக்கை வரையிலான தனியார் மருத்துவமனைகள். மருந்தாளுநர் என்ற ஒரே பெயரில் இந்த இடங்களில் நடப்பவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட வேலைகள்.

முன்பு அந்த வேலையில் ஒரு கைத்தொழில் இருந்தது. மருத்துவமனைக்கு நோயாளி தம் வீட்டிலிருந்தே காலிப் புட்டி கொண்டுபோவார். கம்பவுண்டர் உரலில் பொடித்து, அளந்து, கலந்து, ‘மிக்ஸர்’ எனப்படும் கலவை மருந்தை அந்தப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டுவதற்காகத் தாளை ஓரம் நறுக்கி வேளைக் குறிகளாக்கிப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பார். எழுத்தறியாதவருக்கும் அது புரியும். தான் செய்த ஒன்று நோயாளியின் கைக்குப் போகிறது என்ற எண்ணம் அந்த வேலைக்குள்ளேயே இருந்தது. பிறகு மருந்து செய்தல் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. கர்னல் சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930-31இல் ஆராய்ந்து தொழில்முறைப் பயிற்சியும் பதிவும் தேவை என்று சொன்னதைத் தொடர்ந்து, 1948இல் மருந்தியல் சட்டம் வந்தது. பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு எவரும் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்தோ எடுத்தோ கொடுக்கக் கூடாது என்று அதன் 42ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் அவருக்குத் தனித்த இடத்தைக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் செய்வதற்கென்று மிச்சமிருந்தது எண்ணுவதும் வெட்டுவதும் கொடுப்பதும்தான்.

படிப்போ எதிர்த்திசையில் வளர்ந்துகொண்டே போயிற்று. இரண்டு ஆண்டுப் பட்டயம், நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் ஆகியவற்றோடு, 2008இல் ஆறு ஆண்டுகள் கொண்ட பார்ம்.டி. படிப்பும் இந்தியாவுக்கு வந்தது. அதில் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனையிலேயே பயிற்சி. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு எந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், எந்த இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று மோதும், ஒவ்வாமையை எப்படி அடையாளம் காண்பது என்பவற்றையெல்லாம் படித்துவிட்டு வருகிற ஒருவர், அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வு எழுதித் தேறி, கடைசியில் கத்தரிக்கோலோடு சன்னலில் உட்காருகிறார். அரசு மருந்தாளுநர் பணிக்கான அடிப்படைத் தகுதி பட்டயப் படிப்புதான். பட்டம் பெற்றவரும் முதுநிலை முடித்தவரும் அதே நாற்காலியில், அதே வேலையை, அதே ஊதியத்துக்குச் செய்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய ஆராய்ச்சியை நினைவுகூர்வது பயன்படும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பொறியாளர்களும் கணக்காளர்களுமாக ஏறத்தாழ 200 பேரிடம் பேசிவிட்டு, 1959இல் உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் ஒரு கருத்தை முன்வைத்தார். ஊதியம், பணியிட வசதி, மேலதிகாரியின் நடத்தை, பணிப் பாதுகாப்பு ஆகியவை சரியாக இல்லாவிட்டால் மனக்குறை வரும். ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே நிறைவு வந்துவிடாது. நிறைவு வருவது வேறு வழியாக: செய்து முடித்தோம் என்ற உணர்வு, செய்ததை மற்றவர் அறிவது, வேலையின் உள்ளடக்கம், வளர்ச்சி. அவருடைய ஆய்வு முறையைக் குறைசொன்னவர்கள் உண்டு. எல்லாப் பண்பாட்டுக்கும் அது அப்படியே பொருந்தாது என்றவர்களும் உண்டு. எழுபதுகளில் ஹேக்மன், ஓல்ட்ஹாம் என்ற இருவர் வேலையின் அமைப்பையே எடுத்துக்கொண்டு, பலவகைத் திறன்களுக்கு இடமிருத்தல், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்தல், அதன் முக்கியத்துவம், தன்னுரிமை, விளைவு தனக்குத் தெரியவருதல் என ஐந்து கூறுகளைச் சொன்னார்கள். மருந்தாளுநரின் வேலையில் முக்கியத்துவம் நிறையவே இருக்கிறது. மற்ற நான்கும் அரிது. குறிப்பாக ஐந்தாவது: கொடுத்த மருந்து கேட்டதா, அந்த ஆள் என்ன ஆனார் என்பது சன்னலுக்குத் திரும்பி வருவதே இல்லை.

அரசு மருந்தாளுநருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். டெல்டாவின் சிற்றூர் ஒன்றில் வாழ்வதற்கு அது மதிப்பான தொகை, வேலை நிலையானது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும்போதெல்லாம் இருக்கும் இடங்களைப் போலப் பல மடங்கு பேர் விண்ணப்பிப்பதன் காரணம் இதுதான். ஆனால் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனவர்களிடம் பேசிப் பாருங்கள். சம்பளத்தைப் பற்றி அவர்கள் சொல்வது குறைவு. “படிச்சதெல்லாம் மறந்துபோச்சு சார்” என்பதுதான் அடிக்கடி காதில் விழும் சொல். அதை எளிய புலம்பலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தம் அறிவு பயன்படாமல் தேய்கிறது என்பதை ஒருவர் தாமே உணர்ந்து சொல்லும் வார்த்தை அது.

சன்னலில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு புறநோயாளிப் பிரிவில் காலை நான்கு மணி நேரத்தில் ஒரு சன்னலுக்கு 300 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; டெல்டாவின் வட்ட மருத்துவமனைகளில் நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க வரும் நாள்களில் இது மிகையான கணக்கு அல்ல. ஓர் ஆளுக்குக் கிடைப்பது 48 நொடி. அதற்குள் சீட்டை வாசித்து, மருந்தை எடுத்து, எண்ணி, பட்டையை வெட்டி, பதிவேட்டிலோ கணினியிலோ ஏற்றி, கையில் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குக் காலையும் இரவும் மெட்ஃபார்மின் என்றால் அறுபது மாத்திரை, ஆறு பட்டை. கூடவே அம்லோடிபின் முப்பது. பட்டையை வெட்டும்போது தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனை யாருடைய பங்குக்குப் போகிறது என்பதைக் கூட அந்த வேகத்தில் கவனிக்க வேண்டும்.

இந்திய மருந்தியல் குழு 2015இல் வெளியிட்ட தொழில்முறை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு மருந்தாளுநர் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்துகின்றன: மருந்தின் பெயரும் தன்மையும், அளவு, எடுக்கும் வழி, எத்தனை நாள், தனிக் குறிப்புகள், வழக்கமாக வரக்கூடிய பக்கவிளைவுகளும் வந்தால் செய்ய வேண்டியதும், மற்ற மருந்தோடும் உணவோடும் மோதல், பாதுகாத்து வைக்கும் முறை, ஒரு வேளை தவறிவிட்டால் என்ன செய்வது. இதை 48 நொடிக்குள் அடக்குவது எவராலும் ஆகாது. ஆகவே அது “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்டுட்டுப் போடுங்க” என்று சுருங்கிவிடுகிறது.

அந்தச் சுருக்கத்துக்குள் விழுந்துபோவது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நடவு நேரத்தில் வேலைக்குப் போகும் ஒரு பெண், சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடோ கிளிமிப்பிரைடோ வாங்குகிறார் என்று கொள்வோம். இந்த மருந்தை எடுத்த பிறகு உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். “காலையில ஒண்ணு” என்ற சொல்லைக் கேட்ட அவர், விடிந்தும் விடியாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்கு இறங்கிவிடுவார். தூக்கில் கொண்டுபோன பழைய சோற்றை வரப்பில் உட்கார்ந்து உண்ணும்போது ஒன்பது மணியைத் தாண்டியிருக்கும். “எத்தனை மணிக்கு வயலுக்குப் போவீங்க, எப்பச் சாப்பிடுவீங்க பெரியம்மா?” என்ற ஒரே கேள்வி அந்த மயக்கத்தைத் தடுத்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது மருந்தாளுநருக்குத் தெரியும். பின்னால் நிற்கும் ஐம்பது பேர் நகரச் சொல்லிக் குரல் கொடுக்கும்போது கேட்க முடியாது. தெரிந்திருந்தும் செய்ய முடியாமல் போவதைப் போல ஒருவரை உள்ளுக்குள் அரிப்பது வேறு எதுவும் இல்லை. பணிநிறைவைப் பற்றிய கேள்வித்தாள்களில் ‘பணிச்சுமை’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவது உண்மையில் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் நாட்பட்ட நோய்களுக்கான மாத்திரைகள் பலருக்கு வீட்டுக்கே போகின்றன. நடக்க முடியாத முதியவருக்கும் கூலியை விட்டுவிட்டு வர இயலாதவருக்கும் அது பெரிய உதவி. வரிசையும் ஓரளவு தளர்ந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் மாத்திரைகளையும் யாரோ எண்ணிக் கட்டிக் கணக்கில் ஏற்ற வேண்டும், அந்த வேலை ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநரிடமே வருகிறது. நோயாளியின் முகம் பார்க்கும் வேளை குறைந்து கணக்குப் பார்க்கும் வேளை கூடியிருக்கிறது.

சன்னலைவிடக் கிடங்கைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது. வெளியில் தெரியாத வேலை என்பதால் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மருந்தாளுநரின் அறிவு உண்மையாகவே பயன்படக்கூடிய இடமோ அதுதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தோற்றுவிக்கப்பட்ட பிறகு, மாநிலம் முழுவதற்கும் மருந்துகள் மையமாகக் கொள்முதல் செய்யப்பட்டு, மாதிரிகள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, மாவட்டக் கிடங்குகளுக்கு வருகின்றன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கீடு. அந்தத் தொகைக்குள் எதை எவ்வளவு கேட்டு இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போடுவது என்பது மேலோட்டமாகப் பார்த்தால் எளிய எழுத்து வேலை போலத் தெரியும். டெல்டாவில் அது அப்படி இல்லை. இங்கே நோய் வேளாண்மையின் காலக்கணக்கைப் பின்பற்றி வருகிறது.

மேட்டூர் அணை திறப்புக்கு ஜூன் 12 என்ற வழக்கமான நாள் இருக்கிறது. தண்ணீர் கடைமடையை எட்டியதும் குறுவை. பிறகு சம்பாவும் தாளடியும். பூச்சிமருந்து தெளிக்கும் வாரங்களில் நச்சு ஏறியவர்கள் வருவார்கள்; வீட்டில் வைத்திருக்கும் பூச்சிமருந்தைக் குடித்தவர்களையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் நச்சுக்கு முதலில் தேவை அட்ரோபின். கடுமையான நிலையில் ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் பல பத்து ஆம்பூல்கள் செலவாகிவிடும். மாதச் சராசரியைப் பார்த்து இண்டென்ட் போட்டவரின் அலமாரி ஒரே இரவில் காலியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் தேவைப்படும். தை, மாசியில் சம்பா அறுவடை. அப்போதும் நடவு நேரத்திலும் பாம்புக்கடி கூடும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துச் செய்யப்படும் முறிமருந்துதான் இந்தியாவில் கிடைப்பது. அதற்கான நஞ்சு, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நஞ்சேறிய அறிகுறி உள்ள ஒருவருக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவார்கள். இருபது குப்பி இருப்பு வைத்திருக்கும் மருத்துவமனைக்கு ஒரே மாலையில் மூன்று பேர் வந்துவிட்டால் மூன்றாமவரைத் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டியதுதான். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதனால் எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில் எத்தனை கடிகள் என்ற விவரம் இனி முறையாகச் சேரும். கிடங்குக் கணக்கைச் சரிசெய்ய அது நல்ல வாய்ப்பு.

எந்த ஊரில் எப்போது தண்ணீர் வந்தது, எங்கே அறுவடை தொடங்கிவிட்டது என்பதைத் தெரிந்துவைத்திருந்து அதற்கு ஏற்ப மூன்று வாரம் முன்னதாகவே இருப்பைக் கூட்டிவைக்கும் மருந்தாளுநர்கள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசும்போது முகத்தில் ஒரு தெளிவு தெரியும். தம்முடைய கணிப்பு சரியாக இருந்ததால் ஓர் உயிர் தங்கியது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஹேக்மன் சொன்ன தன்னுரிமையும் விளைவு தெரிதலும் இந்த வேலைக்குள் வருகிற அரிய இடம் இது.

அதே கிடங்குதான் அச்சத்துக்கும் காரணம். முன்கூட்டியே கேட்டு வாங்கிய மருந்து அந்த ஆண்டு செலவாகாமல் காலாவதியானால் தணிக்கையில் எழுதிவிடுவார்கள். “ஏன் இவ்வளவு கேட்டீர்கள்?” என்று கேட்கப்படும். பாம்புக்கடி குறைந்தது என்று பதில் சொன்னால் அது எடுபடாது. இழப்புத் தொகையை ஊதியத்தில் பிடிப்பதும், ஓய்வுபெறும் வேளையில் பழைய தணிக்கைத் தடையைக் காட்டிப் பணப்பலன்களைத் தாமதிப்பதும் இந்தத் துறையில் எல்லோரும் அஞ்சும் விஷயங்கள். மருந்து தீர்ந்துபோனாலும் அவர்தான் குற்றவாளி, மிஞ்சிப்போனாலும் அவர்தான் குற்றவாளி. இந்நிலையில் எச்சரிக்கையான ஊழியர் என்ன செய்வார்? சென்ற ஆண்டு கேட்ட அளவையே இந்த ஆண்டும் கேட்பார். அறிவைப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற பாடத்தைப் பணிமுறை அவருக்குக் கற்றுத்தருகிறது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். புயலின்போது மருத்துவரும் செவிலியரும் செய்த பணி நினைவில் இருக்கிறது. குளிர்பெட்டி ஓடுவதற்கு ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைவது போன்ற வேலைகளை யார் செய்தார்கள் என்று எந்தப் பாராட்டுக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. மற்றவர் அறிவது நிறைவுக்கு அடிப்படை என்று ஹெர்ஸ்பெர்க் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

தனியார் மருத்துவமனைகளின் கதை வேறு. அங்கே ஊதியமே முதற்குறை; அரசு ஊதியத்தில் பாதியைக்கூட எட்டாத இடங்கள் பல. மருந்து விற்பனை உரிமம் பெறுவதற்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் வேண்டும் என்பதால், பெயரும் சான்றிதழும் சுவரில் மாட்டப்பட்டு, மருந்தை வேறொருவர் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சான்றிதழை மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் தம் தொழிலின் மதிப்பைத் தாமே குறைக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடையில் உண்மையாகவே உட்கார்ந்து வேலை செய்ய விரும்பும் மற்றொரு மருந்தாளுநரின் ஊதியத்தை இறக்குவதும் இந்த வாடகைதான். பதிவு பெறாதவர்கள் மருத்துவமனை மருந்தகங்களை நடத்துவதை அனுமதிப்பது குடிமக்களின் உடல்நலத்தோடு விளையாடுவதாகும் என்ற கருத்தை 2022 நவம்பரில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மருந்து விதிகளின் அட்டவணை எச்1இல் உள்ள நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதி. பல இடங்களில் அந்தப் பதிவேட்டை நிரப்புபவர் ஒருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர். இதில் இன்னொரு நெருக்கடியும் சேர்கிறது. மருத்துவமனையின் உரிமையாளரே மருந்துச் சீட்டை எழுதும் மருத்துவராக இருக்கும்போது, “ஐயா, இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து வரக் கூடாதே” என்று மருந்தாளுநர் எப்படிச் சொல்வார்? சொல்லிப் பார்த்து வேலையை இழந்தவர்களும் உண்டு, சொல்லாமல் பழகிக்கொண்டவர்கள் அவர்களைவிட அதிகம்.

சொல்லியாக வேண்டிய தருணங்கள் உண்மையிலேயே வருகின்றன. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய மருந்து. சீட்டில் வாரம் என்ற சொல் விட்டுப்போய், நோயாளி அதை நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். உலகம் முழுவதும் மருந்துப் பிழைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டும் பிழை இது. இதைப் பிடிக்கக்கூடிய பயிற்சி மருந்தாளுநருக்கு இருக்கிறது; பிடித்ததும் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய முறை பெரும்பாலான இடங்களில் இல்லை. சீட்டை நோயாளியிடமே திருப்பிக் கொடுத்து “டாக்டரைப் பார்த்துட்டு வாங்க” என்று அனுப்பினால், அவர் மறுபடியும் பெரிய வரிசையில் நிற்க வேண்டும். கோபம் மருந்தாளுநர் மேல் திரும்பும்.

1990இல் அமெரிக்க மருந்தியல் பேராசிரியர்களான ஹெப்லரும் ஸ்ட்ராண்டும் மருந்தாளுநரின் பொறுப்பை மருந்து கொடுப்பதோடு நிறுத்தாமல், அந்த மருந்தால் நோயாளிக்கு விளையும் பலன் வரை நீட்டித்தார்கள். அதன்பின் பல நாடுகளில் மருந்தாளுநர்கள் வார்டுக்குள் போனார்கள். மருத்துவரோடு சேர்ந்து நோயாளியைப் பார்த்தார்கள். அந்த நாடுகளில் நடந்த பணிநிறைவு ஆய்வுகளில் ஒரு பொதுவான போக்கு தெரிகிறது: நோயாளியோடு நேரடியாகப் பணிபுரிபவர்கள், மருந்து எடுத்துக் கொடுப்பதிலேயே நாள் முழுவதையும் கழிப்பவர்களைவிட நிறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். வார்டுப் பணி எளிதாக இருப்பதால் அப்படிச் சொல்லவில்லை. அதில் பொறுப்பு இன்னும் கூடுதல். பொறுப்போடு பேச்சுரிமையும் சேர்ந்து வருகிறது என்பதே வேறுபாடு. நம்மிடமும் 2010 முதல் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. பக்கவிளைவு ஒன்றைக் கண்டால் மருந்தாளுநரே படிவம் நிரப்பி அனுப்பலாம். மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியே அந்தப் படிவத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நேரம் இல்லை என்பது ஒரு காரணம். அனுப்பினால் ஏதேனும் வம்பு வருமோ என்ற தயக்கம் மற்றொன்று.

பதவி உயர்வைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு இல்லை. மருந்தாளுநர், தலைமை மருந்தாளுநர், அதற்கு மேல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள். பலர் சேர்ந்த நாற்காலிக்கு அடுத்த நாற்காலியிலேயே ஓய்வுபெறுகிறார்கள். பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் குழுக்களில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு படியும் இல்லை. இப்பணியில் பெண்கள் நிறையப் பேர். கும்பகோணத்தில் குடும்பமும் வேதாரண்யம் பக்கத்தில் பணியிடமும் அமைந்துவிட்டால், நாள்தோறும் பேருந்திலேயே போகும் நேரம் சன்னலில் இருக்கும் நேரத்துக்கு இணையாகிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபோது, மருந்தியல் படித்தவர்கள் மூன்று லட்சம் ரூபாய் மானியத்தோடு சொந்தமாகக் கடை வைக்க வழி கிடைத்தது. சொந்த ஊரில், தன் பெயரில், தன் பொறுப்பில் என்ற ஈர்ப்பு அதில் இருக்கிறது. மருத்துவமனைப் பணி அந்த ஈர்ப்பைத் தர இயலாததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காலியிடங்களை நிரப்புவது முதல் வேலை என்பதில் ஐயமில்லை. 48 நொடி 90 நொடியானாலே பல பிழைகள் நிற்கும். ஆனால் அதே சன்னலில் இன்னும் இரண்டு பேரை உட்காரவைப்பதோடு நின்றுவிட்டால், அலுப்பில் பங்குபோட ஆள் கூடியதாகவே முடியும். கூடுதலாக வரும் ஒருவரை வார்டுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மட்டுமாவது, இன்சுலின் போடும் முறையையும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் உட்கார்ந்து சொல்ல ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடலாம். இண்டென்ட் குழுவில் மருந்தாளுநர் கணக்கு வாசிப்பவராக இல்லாமல் கருத்துச் சொல்பவராக அமர வேண்டும். பாம்புக்கடி முறிமருந்து, அட்ரோபின் போன்ற உயிர்காக்கும் மருந்துகளில் பருவத்தை முன்னிட்டுக் கூடுதலாக வைத்த இருப்பு காலாவதியானால், அதை இழப்பாக எழுதாமல் ஆயத்தச் செலவாக ஏற்கும்படி தணிக்கை விதியைத் திருத்த வேண்டும். காலாவதிக்குச் சில மாதங்கள் முன்பே பக்கத்து மருத்துவமனைக்கு மாற்றிவிடும் அதிகாரத்தையும் அவர் கையிலேயே கொடுக்கலாம்.

இவற்றில் மிக எளிதாக நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஓ.பி. சீட்டின் அடியில் மருத்துவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் மருந்தாளுநர் தம் ஐயத்தை ஒரு வரியில் எழுதுவதற்குக் கட்டம் ஒன்று அச்சிட்டு, அப்படி எழுதிய சீட்டோடு வருபவரை மருத்துவரின் அறையில் வரிசைக்கு வெளியே முதலில் பார்ப்பது என்று மருத்துவமனை நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. ஐயம் இருந்தால் சீட்டை எழுதியவரிடம் கேட்டறிவது மருந்தாளுநரின் கடமை என்பது அவர் படித்த முதல் பாடங்களில் ஒன்று.